தினமும் ஒரு அப்டேட், கூட்டம் இல்லாமல்: தொலைவிலிருந்து வேலை செய்யும் குழுக்களுக்கான கேள்வி பதில்

பள்ளி நூலகங்களுக்கான ஒரு சின்ன மென்பொருளை நாங்கள் ஏழு பேர் சேர்ந்து செய்கிறோம். கோயம்புத்தூரில் மூன்று பேர். மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோவில் ஊருக்கு ஒருவர். முதல் ஒன்றரை வருடம் தினமும் காலை 9.30 மணிக்கு வீடியோ அழைப்பில் கூடினோம். அப்போது சிங்கப்பூரில் நண்பகல் 12. டொராண்டோவில் குளிர்காலத்தில் முந்தைய நாள் இரவு 11, கோடையில் நள்ளிரவு 12. அங்கிருக்கும் தோழி கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, தன் முறை வரும்வரை காத்திருப்பார். ஒருநாள் கேட்டேவிட்டார்: "நான் சொல்ல வேண்டியது ரெண்டே வரி. எழுதி வெச்சுட்டுப் படுக்கப் போகட்டுமா?"

அந்த வாரமே தினசரி அழைப்பை நிறுத்தினோம். இப்போது எல்லோரும் அவரவர் நேரத்தில் எழுதுகிறோம், அவரவர் நேரத்தில் படிக்கிறோம். இதற்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. மற்ற குழுக்களில் இருப்பவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இது ஸ்டாண்ட்-அப் கூட்டத்தையே எழுத்தில் செய்வதுதானா?

ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் முழுக்க அல்ல. ஸ்க்ரம் என்பது வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை. மென்பொருள் குழுக்களில் அதைப் பின்பற்றுகிறவர்கள் தினமும் 15 நிமிடம் கூடுவார்கள். அதைத்தான் ஸ்டாண்ட்-அப் என்கிறார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகள் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு அந்த மூன்று கேள்விகளையே எடுத்துவிட்டது. வேலை இலக்கை நோக்கி நகர்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம், எப்படிப் பார்ப்பது என்பதைக் குழுவே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அதனால் "கூட்டம் போடாவிட்டால் முறை கெட்டுவிடும்" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம்.

எழுத்தில் வரும் பெரிய வித்தியாசம் என்னவென்றால், கேட்பவர் அதே நேரத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்று ஒரு பொது உரையாடல் பக்கம் இருக்கிறது. ஒருவர் ஒரு விஷயத்தை எழுதிவிட்டுப் போவார், இன்னொருவர் வேறொரு நாட்டிலிருந்து மறுநாள் பதில் எழுதுவார். பல வருடங்களாக வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் செய்வதும் அதைத்தான், தினமும், சிறிய அளவில்.

என்னென்ன கேட்க வேண்டும்?

மூன்று கேள்விக்கு மேல் போனால் ஒரே வாரத்தில் சலித்துவிடும். நாங்கள் கேட்பது இவை: எது முடிந்தது? அடுத்து எதில் கை வைக்கிறீர்கள்? யாரிடமிருந்து என்ன வேண்டும்?

மூன்றாவதை முதலில் "தடை ஏதும் உண்டா?" என்றுதான் வைத்திருந்தோம். எல்லோரும் "இல்லை" என்று எழுதினார்கள். தடை என்று சொன்னால் தன் திறமையில் ஏதோ குறை இருப்பதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம் நம் ஆட்களுக்கு நிறைய உண்டு. கேள்வியை "யாரிடமிருந்து என்ன வேண்டும்?" என்று மாற்றியதும் பதில்கள் வர ஆரம்பித்தன. உதவி கேட்பது எழுத வேண்டிய ஒரு வரி என்று ஆகிவிட்டால் கூச்சம் குறைகிறது.

நல்ல அப்டேட் எப்படி இருக்கும்?

எங்கள் குழுவிலேயே ஆரம்பத்தில் வந்த ஒன்று இது:

"முடிந்தது: எழுத்துரு வேலை. அடுத்து: அதே வேலை தொடரும். வேண்டியது: எதுவும் இல்லை."

இதைப் படித்த பிறகும் படிப்பதற்கு முன்பு தெரிந்தது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதே ஆள், அதே வேலையைப் பற்றி, சில வாரம் கழித்து எழுதியது இது:

"முடிந்தது: சில புத்தகங்களின் பெயர் தமிழில் வராமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்ததற்குக் காரணம் பிடிபட்டது. அந்தப் பதிவுகள் பாமினி எழுத்துருவில் தட்டியவை. அடுத்து: அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் ஸ்கிரிப்ட், புதன் மாலைக்குள். வேண்டியது: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பழைய பட்டியல் முழுவதும் பாமினிதானா, நடுவில் வேறு எழுத்துருவும் இருக்கிறதா என்று அங்கே கேட்டுச் சொல்ல வேண்டும்."

(பாமினி பழைய தமிழ் எழுத்துரு. யூனிகோடு எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் இன்றைய பொது முறை.) யாழ்ப்பாணத்தில் இருப்பவர் இதைக் காலையில் பார்த்துவிட்டு நூலகரிடம் கேட்டுச் சொல்லிவிட்டார். பட்டியலின் கடைசிப் பகுதியை வேறொருவர் வேறு எழுத்துருவில் தட்டியிருந்தார். அது தெரியாமல் ஸ்கிரிப்டை ஓட்டியிருந்தால் அந்தப் பகுதி முழுவதும் பாழாகியிருக்கும். அந்த ஐந்து வரியை எழுதியவருக்கு நாலு நிமிடம் ஆகியிருக்குமா?

கவனித்துப் பாருங்கள்: எந்தப் பொருள், எதுவரை வந்தது, எப்போது முடியும், யாரிடம் கேள்வி என்பவை இருக்கின்றன. எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது இல்லை. அது தேவையும் இல்லை.

எந்த இலவசக் கருவி நல்லது?

உங்கள் குழு ஏற்கெனவே எங்கே பேசிக்கொள்கிறதோ அதுதான். புதிதாக ஒரு செயலியைப் போடச் சொன்னால் பாதிப் பேர் மூன்றாம் நாளே திறந்து பார்க்க மாட்டார்கள்.

ஸ்லாக் என்ற சாட் செயலியில் இருப்பவர்கள் தனியாக ஒரு சேனல் திறந்து, ரிமைண்ட் (/remind) கட்டளையை அதில் கொடுத்துவிட்டால் போதும். திங்கள் முதல் வெள்ளி வரை குறித்த நேரத்துக்கு மூன்று கேள்விகளும் தாமாக வந்து விழும். இலவசத் திட்டத்தில் 90 நாள் செய்திகளைத்தான் பார்க்க முடியும், ஒரு வருடம் தாண்டியவை அழிந்தும் போகும். இதை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடி சொல்கிறேன்.

டெலிகிராம் குழுவில் டாபிக்ஸ் வசதியை இயக்கி, தினசரி அப்டேட்டுக்கு ஒரு தலைப்பைத் தனியாக ஒதுக்குங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து அனுப்பலாம். ஞாயிறு மாலை உட்கார்ந்து அந்த வாரத்தின் ஐந்து நினைவூட்டல்களையும் போட்டுவிடலாம். டிஸ்கார்டும் நன்றாகவே உதவும். பழைய செய்திகளுக்குக் காலவரம்பு இல்லை.

நாங்கள் கடைசியில் வந்து நின்றது ஜூலிப்பில். அதுவும் ஒரு சாட் செயலிதான், திறந்த மூலம். ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ்தான் போகும் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அதனால் "மார்ச் 12, செவ்வாய்" என்று ஒரு தலைப்பைத் திறந்தால் அன்றைய ஏழு அப்டேட்டும், அவற்றுக்கான பதில்களும் ஒரே இடத்தில் கிடக்கும். சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் பழைய செய்திகளுக்கு வரம்பு இல்லை. அவர்களுடைய கிளவுடிலேயே இலவசமாக வைத்துக்கொண்டால் கடைசி 10,000 செய்திகள் வரை தேடலாம். சின்னக் குழுவுக்கு அது நிறைய நாள் வரும்.

வாட்ஸ்அப்? பலரும் கேட்கிறார்கள், ஏனென்றால் எல்லோருடைய கையிலும் இருப்பது அதுதான். வேறு வழியே இல்லையென்றால் செய்யுங்கள். ஆனால் குடும்பக் குழுவின் காலை வணக்கமும் வேலையும் ஒரே திரையில் வரும்போது, விடுமுறை நாளிலும் வேலை மனதை விட்டுப் போகாது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

எங்கள் குழுவில் பலருக்குச் சாட் செயலியே பழக்கமில்லை. என்ன செய்யலாம்?

கூகுள் படிவம் போதும். மூன்று கேள்விகளோடு ஒரு படிவம் செய்து, பதில்கள் ஒரு ஷீட்டில் போய்ச் சேரும்படி இணைத்துவிடுங்கள். அந்த ஷீட்டில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவுக்குள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதில் சில வரிகள் எழுதி, அன்றன்றைய பதில்களைத் தொகுத்து எல்லோருக்கும் மின்னஞ்சலாக அனுப்பச் செய்யலாம்.

இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும். பத்துப் பேர் குழுவுக்கு அது தாராளம். அப்புறம், ஸ்கிரிப்டைத் தினமும் தானாக ஓட்டும் டிரிக்கரில் "9 முதல் 10 மணிக்குள்" என்றுதான் தேர்ந்தெடுக்க முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த நிமிடத்திலும் மின்னஞ்சல் வரலாம். சரியாக 9.00 மணிக்கு வரவில்லையே என்று ஸ்கிரிப்டைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம். ஸ்கிரிப்டின் நேர மண்டலம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை மணிக்கு எழுத வேண்டும்?

வேலையை முடித்து எழுந்திருக்கும் முன் எழுதுங்கள் என்பது என் கருத்து. நிறையப் பேர் காலையில் எழுதுவதை விரும்புகிறார்கள், அதுவும் தவறில்லை. ஆனால் ஊர்கள் விலகியிருக்கும்போது மாலையில் எழுதுவதற்குத் தனிப் பலன் உண்டு.

என் அப்பா கோயம்புத்தூரில் நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்ததும் நேராகச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போக மாட்டார். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடம் எந்த ஃபிரேமில் நூல் அடிக்கடி அறுகிறது, எதற்கு ஃபிட்டரை வரச் சொல்லியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். சொல்லாமல் போனால் வருகிறவர் முதல் ஒரு மணி நேரத்தை அதைக் கண்டுபிடிப்பதிலேயே தொலைப்பார். கோயம்புத்தூரில் நாங்கள் மாலை 6.30 மணிக்கு எழுதும்போது டொராண்டோவில் குளிர்காலமானால் காலை 8 மணி, கோடையானால் 9 மணி. தோழி காபியோடு உட்காரும்போது எங்கள் குறிப்பு அங்கே இருக்கும். அவர் மாலையில் எழுதுவது எங்களுக்கு விடியலில் காத்திருக்கும். வேலை கை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை: "நேற்று", "நாளை" என்று எழுதாதீர்கள். அவருடைய நேற்றும் நம்முடைய நேற்றும் ஒன்றல்ல. "புதன் மாலைக்குள்" என்று கிழமையைச் சொல்லி எழுதுங்கள். ஒருமுறை "நாளை சர்வரை நிறுத்துகிறேன்" என்று டொராண்டோவிலிருந்து வந்த ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொண்டு, மதுரையில் ஒருவர் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூரில் மாறாது. நினைவூட்டல் நேரத்தை இந்தியக் கணக்கில் வைத்திருந்தால், அந்த நாட்களில் அங்கிருப்பவருக்கு ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

எழுதுகிறார்கள், ஆனால் யாரும் படிப்பதில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் வைத்திருக்க வேண்டும். இந்த முறை பிழைப்பதும் சாவதும் இங்கேதான்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் திங்கட்கிழமை எழுதினார்: "வேண்டியது: சோதனை சர்வரில் என் கணக்கு திறக்கவில்லை, யாராவது பார்க்க வேண்டும்." செவ்வாயும் அதையே எழுதினார். புதனும் எழுதினார். வியாழக்கிழமை "வேண்டியது: எதுவும் இல்லை" என்று எழுதினார். கணக்கு அப்போதும் திறக்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். மூன்று நாளும் நான் அந்தச் சேனலைத் திறந்து, மேலோட்டமாக ஓட்டி, எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்று திருப்திப்பட்டு மூடியிருக்கிறேன். அந்த வியாழக்கிழமை வரியை இப்போது படித்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். வாரம் ஒருவர் முறை வைத்துப் படிப்பவராக இருப்பார். அந்த வாரம் தன் வேலையைத் தொடும் முன் எல்லா அப்டேட்டையும் முழுதாகப் படிப்பது அவர் பொறுப்பு. மூன்றாவது கேள்விக்கு வந்த ஒவ்வொரு பதிலுக்கும் கீழே, அவரே தீர்த்து வைப்பார், அல்லது தீர்க்கக்கூடியவரை அழைத்துவிடுவார். தீர்வு உடனே கிடைக்காவிட்டாலும் "பார்த்தேன், மதியம் 2 மணிக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரியாவது போக வேண்டும். மற்ற இரண்டு கேள்விகளுக்கு ஒரு எமோஜி போதும்.

தலைமை தாங்குபவரும் இந்த முறைவரிசையில் இருக்க வேண்டும். அவருக்கு விலக்குக் கொடுத்தால், மற்றவர்களும் இதை ஏனோதானோவென்று செய்வார்கள்.

இது இன்னொரு வருகைப் பதிவேடு ஆகிவிடாதா?

ஆக்கினால் ஆகிவிடும். யார் எத்தனை மணிக்கு எழுதினார், யார் எத்தனை வரி எழுதினார் என்று ஒருவர் எண்ண ஆரம்பித்த நாளிலிருந்து, எல்லோரும் எண்ணுகிறவருக்காகத்தான் எழுதுவார்கள். நீளமாக எழுதுவார்கள், ஆனால் சிக்கலை மறைப்பார்கள். வருகைப் பதிவு தேவையென்றால் அதற்குத் தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள். சம்பள உயர்வுப் பேச்சில் இந்த அப்டேட்டுகளை எடுத்துக் காட்டுவதும் கூடாது.

ஒருவர் எழுதவே இல்லை என்றால்?

ஒரு நாள் என்றால் விட்டுவிடுங்கள். கரண்ட் போயிருக்கும், குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும். இரண்டாம் நாளும் வராவிட்டால் தனியாக ஒரு செய்தி: "எல்லாம் சரியா?" குழுவில் எல்லோர் முன்னும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம். நினைவூட்டல் அனுப்பும் சில பாட்கள் (தானியங்கி நிரல்கள்) எழுதாதவர் பட்டியலைத் தாமே வெளியிடும். அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

குழுவில் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்றால் எது கை வருகிறதோ அதில் எழுதட்டும். எங்கள் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு மேல் எழுதாத ஒருவர், தமிழில் எழுதத் தொடங்கியதும் தன் வேலையில் எங்கே சந்தேகம் என்பதை விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். தட்டச்சு சிரமம் என்றால் கைபேசியில் ஜிபோர்டின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் உண்டு. குரல் பதிவாக அனுப்புவதும் சரிதான், ஆனால் மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் எழுத்தில் போடச் சொல்லுங்கள். குரல் பதிவில் தேட முடியாது.

அப்படியானால் வீடியோ அழைப்பே வேண்டாமா?

வேண்டும். வாரம் ஒருமுறை, எல்லோரும் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, அரை மணி நேரம். அதில் அப்டேட் பேசுவதில்லை. முடிவெடுக்க வேண்டியவற்றைப் பேசுகிறோம். முடிந்தால் கொஞ்சம் ஊர்க்கதையும்.

ஒரு விஷயத்தில் இரண்டு முறை பதிலும் மறுபதிலும் போன பிறகும் தெளிவு வரவில்லை என்றால், சம்பந்தப்பட்ட இருவரும் உடனே போனில் பேசிவிட வேண்டும். பேசி முடித்ததும் என்ன முடிவானது என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். புதிதாகச் சேருகிறவரிடம் முதல் இரண்டு வாரம் யாராவது ஒருவர் தினமும் பேசியே ஆக வேண்டும். எழுத்தில் கேட்கும் துணிச்சல், முகம் பழகிய பிறகுதான் வரும்.

பழைய அப்டேட்டுகளால் பயன் உண்டா?

நிறைய. "தாமதக் கட்டணத்தை ஏன் நீக்கினீர்கள்?" என்று ஒரு பள்ளி எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது, தேடி எடுத்த பழைய அப்டேட் ஒன்றில் பதில் இருந்தது. மேலே சொன்னதுபோல் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தையவை கண்ணில் படாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும், அந்த வாரம் படிப்பவராக இருந்தவர் முக்கியமான முடிவுகளை ஐந்தாறு வரியில் ஒரு பொது ஆவணத்தில் சேர்க்கட்டும்.

எழுதக்கூடாதவை?

கடவுச்சொல், மாணவர் விவரம், வாடிக்கையாளரின் தொலைபேசி எண். கூகுள் ஷீட்டை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்து வைக்காதீர்கள்.

எத்தனை பேர் வரை இது ஓடும்?

எங்கள் அனுபவத்தில் எட்டு, பத்துப் பேர் வரை ஒரே இடத்தில் படிக்க முடியும். அதற்கு மேல் போனால், ஒரே வேலையில் இருப்பவர்களாகப் பார்த்து இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

இரண்டு வாரம் சோதனை என்று சொல்லி, தினசரி அழைப்பை அந்த இரண்டு வாரமும் முழுக்க நிறுத்துங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எழுதுவது வெறும் கூடுதல் சுமையாகத் தெரியும். முதல் நாள், தலைமை தாங்குபவர் எல்லோருக்கும் முன்பாக எழுத வேண்டும். அதில் அவருக்கே தெரியாத ஏதோ ஒன்றை, மூன்றாவது கேள்விக்குப் பதிலாக, உண்மையாகக் கேட்க வேண்டும்.

எங்கள் சேனலின் உச்சியில் பின் செய்து வைத்திருக்கும் குறிப்பு இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வேலை முடித்து எழும் முன் மூன்று பதில்: எது முடிந்தது, அடுத்து எது, யாரிடமிருந்து என்ன வேண்டும். ஐந்து வரி போதும். கிழமையைச் சொல்லி எழுதுங்கள். லீவு என்றால் 'லீவு' என்று மட்டும் போடுங்கள், காரணம் வேண்டாம். இந்த வாரம் படிப்பவர் யார் என்பது சேனலின் பெயருக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கு ஒரு வேலை நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் அவருக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள், தயங்க வேண்டாம்."